நீலமெல்லாம் நீர் அல்ல: நிலத்தடி நீராய்வு, வாசகர் கேள்வி பதில்

மலேசியாவில் நிலத்தடி நீரைப் புவி இயற்பியல் முறையில் ஆராயும் மாணவர்களிடமிருந்தும் அவர்கள் வீட்டாரிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் தருகிறோம். பதில்களில் அடிக்கடி வரப்போகும் சொல் ஒன்றை முதலில் சொல்லிவிடலாம். மின்தடைமை என்பது ஒரு மண்ணோ பாறையோ மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. அதன் அலகு ஓம்-மீட்டர். நிலத்தில் இரண்டு முளைகளை அடித்து மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறு இரண்டு முளைகளுக்கு இடையே எழும் மின்னழுத்தத்தை அளந்து இதைக் கணக்கிடுகிறோம். முளைகளை மின்முனை என்றும் சொல்வோம்; நான்கையும் சம இடைவெளியில் வைப்பது வென்னர் அமைப்பு. ஒரு கோட்டின் நெடுக எடுத்த அளவுகளை மென்பொருள் நிலத்தடியின் குறுக்குவெட்டுப் படமாக வண்ணங்களில் வரைந்து தரும்.

கேள்வி: செபராங் பிறையில், பெனாகா பக்கம் ஒரு நெல்வயலோரம் 200 மீட்டர் கோடு போட்டோம். 41 மின்முனை, 5 மீட்டர் இடைவெளி, வென்னர் அமைப்பு. படத்தில் 8 மீட்டருக்குக் கீழே 12 ஓம்-மீட்டர் அளவில் அடர்நீலம் வந்தது. "நீர்ப்படுகை" என்று எழுதினேன். மேற்பார்வையாளர் "எப்படித் தெரியும்?" என்று கேட்டு அறிக்கையைத் திருப்பிவிட்டார். என்ன பதில் சொல்வது?
இறுதியாண்டு மாணவி, கெளுகோர்

பதில்: உங்கள் மேற்பார்வையாளர் கேட்டது சரியான கேள்வி, தங்கை. கருவி அளந்தது மின்தடைமையை. அது நீரை அளக்கவில்லை. நீல நிறம் மென்பொருள் தேர்ந்துகொண்ட வண்ணம்தான். 12 ஓம்-மீட்டர் என்ற எண்ணுக்கு உங்கள் ஊரில் குறைந்தது மூன்று விளக்கங்கள் உண்டு: கடற்களிமண், உப்பு கலந்த நீர் நிறைந்த மணல், நன்னீர் ஊறிய கொழுத்த களிமண். மூன்றும் படத்தில் ஒரே நீலமாகத்தான் தெரியும். இவற்றில் கிணறு தோண்டிக் குடிக்கத்தக்கது எதுவும் இல்லை.

பிரித்தறிய முதல் வேலை, பக்கத்தில் இருக்கும் கிணற்று நீரின் மின்கடத்துத்திறனை அளப்பது. சட்டைப்பையில் வைக்கும் சிறு மீட்டரே போதும். அது மைக்ரோ சீமன்ஸ்/செ.மீ. அலகில் ஓர் எண்ணைக் காட்டும். 10,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நீரின் மின்தடைமை கிடைத்துவிடும். 500 காட்டினால் நீரின் மின்தடைமை 20 ஓம்-மீட்டர். 5,000 காட்டினால் 2. கடல்நீர் ஏறத்தாழ 50,000 காட்டும், அதாவது 0.2.

அடுத்தது ஆர்ச்சி 1942-இல் வெளியிட்ட சூத்திரம். களிமண் இல்லாத, நீர் முழுதும் நிறைந்த மணலின் மின்தடைமை, நீரின் மின்தடைமையைத் துளைமையின் (மணலில் வெற்றிடம் எத்தனை பங்கு என்பதன்) ஓர் அடுக்கால் வகுத்தால் வரும். இறுகாத மணலுக்கு அந்த அடுக்கை 1.5 என்று வைக்கலாம். துளைமை 0.30 என்றால் 0.30-இன் 1.5 அடுக்கு 0.164. கிணற்று நீர் 20 ஓம்-மீட்டராக இருந்தால், 20-ஐ 0.164-ஆல் வகுக்க 122 ஓம்-மீட்டர் வருகிறது. உங்கள் பகுதியில் நன்னீர் நிறைந்த சுத்தமான மணல் இருந்தால் படத்தில் அது 100-ஐ ஒட்டித் தெரிந்திருக்க வேண்டும். பல படங்களில் அது பச்சையாகவோ மஞ்சளாகவோகூட இருக்கும். இதே மணலில் 2 ஓம்-மீட்டர் உப்பு நீர் இருந்தால் விடை 12. நீங்கள் கண்ட எண் அதுவேதான். ஆகவே நன்னீர் மணல் என்ற விளக்கம் இங்கேயே விழுந்துவிடுகிறது. மிச்சம் இருப்பது உப்பு நீர் மணலா, களிமண்ணா என்ற கேள்வி.

இந்தச் சூத்திரத்தைக் களிமண்ணுக்குப் போடக் கூடாது. களிமண் துகள்களின் மேற்பரப்பே மின்னோட்டத்தைக் கடத்தும் என்பதால், அதில் நன்னீர் இருந்தாலும் மின்தடைமை தாழ்ந்துவிடும். மாணவர் அறிக்கைகளில் நாங்கள் மிக அதிகமாகக் காணும் தவறு இதுதான்.

கருவியில் ஐபி எனப்படும் தூண்டுமுனைவு அளவீடு இருந்தால் அதையும் எடுங்கள். மின்னோட்டத்தை நிறுத்திய பிறகு மின்னழுத்தம் எவ்வளவு மெல்ல வடிகிறது என்பதை அது காட்டும். நன்னீர் ஊறிய களிமண்ணில் அது பெரும்பாலும் மெல்ல வடியும், சுத்தமான மணலில் சட்டென்று வடிந்துவிடும். ஆனால் நீர் உப்பாக உப்பாகக் களிமண்ணின் ஐபி அளவும் தாழ்ந்துபோகும். அதனால் கடற்களிமண்ணையும் உப்பு நீர் மணலையும் ஐபி நம்பத்தக்க விதத்தில் பிரித்துக் காட்டாது. அங்கே மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அதற்குப் பெரிய செலவு ஆகாது. கைத்துளைக் கருவியால் சில மீட்டர் ஆழத்துக்கு மண் எடுக்கலாம். உங்கள் நீலம் 8 மீட்டருக்குக் கீழே இருப்பதால் அது எட்டாது என்றால், பக்கத்தில் பாலமோ பள்ளியோ தொழிற்சாலையோ கட்டியபோது எடுத்த மண்பரிசோதனை அறிக்கையைத் தேடுங்கள். அதில் மீட்டர் கணக்கில் மண்ணின் விவரமும், குழாயை மண்ணில் இறக்க எத்தனை சுத்தியல் அடி தேவைப்பட்டது என்ற எண்ணிக்கையும் இருக்கும். அடி எண்ணிக்கை 0, 1, 2 என்று கிடந்தால் அது மென்மையான கடற்களிமண். கனிம, புவி அறிவியல் துறையிடம் பழைய துளைக் கிணறுகளின் பதிவுகளை உங்கள் பல்கலைக்கழகத் துறை வழியாகக் கடிதம் எழுதிக் கேளுங்கள். ஒரே ஒரு துளையின் பதிவு கிடைத்தாலும் உங்கள் கோட்டின் 260 அளவீட்டுப் புள்ளிகளுக்கும் அர்த்தம் வந்துவிடும்.

கேள்வி: 200 மீட்டர் கோடு போட்டால் எவ்வளவு ஆழம் தெரியும்? எங்கள் குழுவில் ஒருவர் 100 என்கிறார், ஒருவர் 60 என்கிறார்.
மாணவர், பட்டர்வொர்த்

பதில்: இரண்டும் இல்லை. 41 மின்முனையும் 5 மீட்டர் இடைவெளியும் கொண்ட வென்னர் கோட்டில் நான்கு முளைகளுக்கும் இடையே சம தூரம். அந்தத் தூரத்தின் அதிகபட்சம் 13 இடைவெளி, அதாவது 65 மீட்டர். வென்னருக்கு இடைநிலை ஆழம், அதாவது சமிக்ஞையில் பாதி அதற்கு மேலிருந்தும் பாதி அதற்குக் கீழிருந்தும் வரும் ஆழம், அந்தத் தூரத்தின் 0.519 பங்கு. எனவே 34 மீட்டரைத் தொடவில்லை.

அந்த ஆழத்தில் உங்களுக்கு எத்தனை அளவீடு இருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். 5 மீட்டர் இடைவெளியில் 38 புள்ளிகள். 50 மீட்டரில் 11 புள்ளிகள். 65 மீட்டரில் வெறும் 2. மொத்தம் 260. படம் தலைகீழ் முக்கோணமாக வருவதற்குக் காரணம் இதுதான். அடிமுனையில் தெரியும் எதையும் இரண்டே அளவீடுகளை நம்பிச் சொல்கிறீர்கள். கோட்டின் இரு ஓரங்களிலும் ஆழம் அறவே இல்லை.

கேபிளை எடுத்து எடுத்து முன்னே வைத்து நீட்டிக்கொண்டே போனால் ஆழம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நீளம்தான் கூடும். ஆழம் வேண்டுமானால் முளை இடைவெளியைக் கூட்ட வேண்டும், அல்லது ஒரு மின்னோட்ட முளையை வெகுதொலைவில் அடித்துச் செய்யும் போல்-டைபோல் அமைப்புக்கு மாற வேண்டும். இடைவெளியைக் கூட்டினால் மேல்மண்ணின் நுணுக்கம் போய்விடும். 10 மீட்டர் இடைவெளியில் 3 மீட்டர் தடிப்புள்ள களிமண் படிவத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: ரவாங் பக்கம் எடுத்த தரவில் 30-க்கும் மேற்பட்ட புள்ளிகள் எதிர்க்குறியோடு வந்தன. செம்மண் மேடு, இரண்டு வாரமாக மழை இல்லை. அந்தப் புள்ளிகளை நீக்கிவிட்டுத் தொடரலாமா?
முதுகலை மாணவர், கோலாலம்பூர்

பதில்: நீக்குவதற்கு முன் ஏன் வந்தன என்று பார்த்துவிடுங்கள். காரணம் தெரியாமல் 30 புள்ளிகளை நீக்கினால், மிச்சமுள்ள புள்ளிகளும் சரிதானா என்பது யாருக்கும் தெரியாது.

காய்ந்த செம்மண்ணில் முதல் சந்தேகம் முளைக்கும் மண்ணுக்கும் உள்ள தொடுகை மேல்தான். 1,000 ஓம்-மீட்டர் மண்ணில் 12 மில்லிமீட்டர் தடிப்புள்ள முளையை 20 செ.மீ. அடித்தால், அந்த ஒரு முளையின் தொடுகைத் தடை மட்டும் ஏறத்தாழ 3,000 ஓம். மின்னோட்டத்துக்கு இரண்டு முளை தேவை, ஆக 6,000. கருவி 400 வோல்ட் வரை செலுத்தினாலும் 67 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. அதே முளையை 40 செ.மீ. இறக்கினால் தடை 1,800 ஓம் பக்கம் வந்துவிடும். பாறை தடுத்து இறங்காவிட்டால், கோட்டுக்குக் குறுக்கே 30 செ.மீ. தள்ளி இன்னொரு முளை அடித்து இரண்டையும் ஒரு கம்பியால் பிணைத்துவிடுங்கள்.

உப்பு நீர் ஊற்றுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் ஒரு பிடி உப்பு. முளையை ஒருமுறை அசைத்து, அதைச் சுற்றி விழும் சிறு வாய்க்குள் மெல்ல ஊற்ற வேண்டும். மேலே ஊற்றினால் சரிவில் ஓடிவிடும். சேறு முளையைக் கவ்விப் பிடித்த பிறகு சுத்தியலால் இரண்டு தட்டு தட்டி, 10 நிமிடம் விட்டு அளவிடுங்கள். 5 மீட்டர் இடைவெளிக்கு ஒரு முளைக்கு அரை லிட்டர் போதும். ஒரு வாளியையே கவிழ்த்தால் மேல்மண்ணின் மின்தடைமையை நீங்களே மாற்றிவிடுகிறீர்கள்.

அடுத்தது முளையையும் கேபிளையும் இணைக்கும் கவ்வி. அதன் பல்லில் துரு இருக்கிறதா, காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உப்புத்தாள் ஒன்று பையில் இருந்தால் ஒரு நிமிட வேலை. கெட்ட புள்ளிகளைப் படத்தில் குறித்துப் பாருங்கள். அவை ஒரு முளையிலிருந்து இரு பக்கமும் சாய்வாக இறங்கும் கோடுகளில் விழுந்தால், குற்றவாளி அந்த ஒரு முளைதான். கெட்ட புள்ளிகள் படம் முழுதும் இறைந்து கிடந்தால் கேபிள் மாறியிருக்கும், அல்லது திசை மாற்றி விரித்திருப்பீர்கள். ஆழமான மட்டங்களில் மட்டும் கூடினால் சமிக்ஞை போதவில்லை.

சமிக்ஞை என்பதற்கு ஒரு கணக்கு தருகிறோம். 10 ஓம்-மீட்டர் மண்ணில் 65 மீட்டர் இடைவெளி வென்னருக்குக் கருவி காணும் தடை 0.024 ஓம்தான். 20 மில்லி ஆம்பியர் செலுத்தினால் மின்னழுத்தம் அரை மில்லி வோல்ட். பக்கத்தில் உயர் அழுத்த மின்கம்பியோ ரயில் பாதையோ இருந்தால் அது இரைச்சலில் முழுகிவிடும். 200 மில்லி ஆம்பியர் போனால் 5 மில்லி வோல்ட் கிடைக்கும், பிழைப்பு உண்டு. பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே சரிந்துகொண்டிருந்தால் கருவி தானாக மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக வந்த தரவு மதியத்துக்குப் பின் கெடுவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். மாற்றுப் பேட்டரி ஒன்று கட்டாயம்.

இரும்பு வேலிக்கோ நிலத்தடி நீர்க்குழாய்க்கோ இணையாகக் கோடு போட்டிருக்கிறீர்களா என்பதையும் சொல்லவில்லை. போட்டிருந்தால் மின்னோட்டம் மண்ணை விட்டு உலோகத்தின் வழியே ஓடியிருக்கும். அந்தத் தரவை எந்த மென்பொருளும் திருத்தாது, வேறு கோடுதான் போட வேண்டும்.

கேள்வி: ஆறாம் படிவ இயற்பியல் மாணவர்களுக்குப் பள்ளித் திடலிலேயே இதைச் செய்து காட்ட விரும்புகிறேன். விலை உயர்ந்த கருவி இல்லை. முடியுமா?
ஆசிரியை, செந்தூல்

பதில்: நன்றாகவே முடியும், ஆசிரியை. ஆழம் ஓரிரு மீட்டர்தான், ஆனால் முறையைப் புரிந்துகொள்ள அதுவே போதும்.

தேவையானவை: அரை மீட்டர் நீளத் துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகள் 4, ஒன்பது வோல்ட் பேட்டரி 4 (தொடராக இணைத்தால் 36 வோல்ட்), மல்டிமீட்டர் 2, அளவு நாடா, முதலைவாய்க் கவ்வி உள்ள வயர்கள். 36 வோல்ட்டுக்கு மேல் போகவேண்டாம். வீட்டு மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது.

நான்கு கம்பிகளையும் ஒரே நேர்கோட்டில் 1 மீட்டர் இடைவெளியில் அடியுங்கள். ஆழம் 5 செ.மீ. போதும். இடைவெளியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இறக்கினால் சூத்திரம் பொருந்தாது. வெளிக்கம்பி இரண்டுக்கும் பேட்டரி, அதோடு தொடராக மில்லி ஆம்பியரில் வைத்த ஒரு மீட்டர். உள்கம்பி இரண்டுக்கும் மில்லி வோல்ட்டில் வைத்த மற்ற மீட்டர்.

இப்போது மாணவர்கள் தவறும் இடம் வரும். பேட்டரியை இணைக்காமலேயே மில்லி வோல்ட் மீட்டர் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். மண்ணுக்கும் உலோகத்துக்கும் இடையே இயல்பாக எழும் மின்னழுத்தம் அது. அதை ஒழிக்க, ஒருமுறை அளந்துவிட்டுப் பேட்டரி முனைகளை மாற்றி மறுபடி அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக முதல் அளவு +118 மில்லி வோல்ட், மாற்றிய பின் −74, மின்னோட்டம் இரு முறையும் 12 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். இரண்டின் வித்தியாசம் 192, அதில் பாதி 96. மண்ணின் சொந்த மின்னழுத்தம் 22. 96-ஐ 12-ஆல் வகுத்தால் 8 ஓம். வென்னர் சூத்திரம்: 2 × பை × இடைவெளி × தடை. 2 × 3.1416 × 1 × 8, விடை ஏறத்தாழ 50 ஓம்-மீட்டர். முதல் அளவை மட்டும் எடுத்திருந்தால் 62 என்று எழுதியிருப்பார்கள்.

இணைத்து ஓரிரு வினாடிக்குள் அளவைக் குறித்துவிட வேண்டும். நேர்மின்னோட்டம் நெடுநேரம் ஓடினால் கம்பியின் மேல் வாயுக் குமிழ் படிந்து மின்னோட்டம் குறைந்துகொண்டே போகும். பிறகு அரை மீட்டர், 2 மீட்டர், 3 மீட்டர் என்று நடுப்புள்ளியை மாற்றாமல் இடைவெளியை மட்டும் மாற்றி அளந்து, மடக்கைத் தாளில் வரைபடம் போடச் சொல்லுங்கள். அரை மீட்டருக்குக் கம்பி 2 செ.மீ.தான் இறங்கலாம். திடலின் கீழே கட்டுமான இடிபாட்டைக் கொட்டி நிரப்பியிருந்தால் வரைபடத்தில் அது துள்ளித் தெரியும், பிள்ளைகளுக்கு அது நல்ல பாடம். மழை பெய்த மறுநாள் அதே இடத்தில் ஒருமுறை திரும்பவும் அளக்கச் சொல்லுங்கள். மின்தடைமை இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்ப்பார்கள்.

இந்த அமைப்பை ஃபிராங்க் வென்னர் 1915-இல் வெளியிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1912-இல், பிரான்சில் கொன்ராட் ஷ்லும்பர்ஜே மின்னோட்டத்தைக் கொண்டு நிலத்தடியை ஆராயத் தொடங்கிவிட்டார்.

கேள்வி: ஷ்லும்பர்ஜே அமைப்பில் தோற்ற மின்தடைமையைக் கையால் கணக்கிடுவது எப்படி?
மாணவர், நிபோங் தெபால்

பதில்: தோற்ற மின்தடைமை என்பது நிலம் முழுதும் ஒரே மண் என்று வைத்துக் கணக்கிட்ட மின்தடைமை. ஷ்லும்பர்ஜே அமைப்பில் உள்முளைகள் நெருங்கியும் வெளிமுளைகள் விலகியும் இருக்கும். வெளிமுளைகளின் பாதித் தூரத்தை வர்க்கமாக்கி, உள்முளைகளின் பாதித் தூரத்தின் வர்க்கத்தைக் கழித்து, பையால் பெருக்கி, உள்முளைகளின் முழுத் தூரத்தால் வகுக்க வேண்டும். வெளிப்பாதி 40 மீட்டர், உள்பாதி 2 மீட்டர் என்றால் 1,600-இல் 4 போக 1,596. அதைப் பையால் பெருக்கி 4-ஆல் வகுக்க 1,253. தடை 0.12 ஓம் என்றால் விடை 150 ஓம்-மீட்டர். உள்முளைகளை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் முந்தைய வெளித்தூரம் இரண்டில் திரும்ப அளந்து வையுங்கள். இரு துண்டுகளையும் ஒட்ட அது இல்லாமல் முடியாது.

கேள்வி: மென்பொருளில் ஆர்எம்எஸ் பிழை 2.8 விழுக்காடு வந்தது. படம் சரியென்று எடுத்துக்கொள்ளலாமா?
மாணவி, ஜார்ஜ் டவுன்

பதில்: உங்கள் மாதிரியிலிருந்து கணக்கிட்ட எண்கள் நீங்கள் அளந்த எண்களோடு 2.8 விழுக்காட்டு அளவில் ஒத்துப்போகின்றன. அந்த எண் அவ்வளவுதான் சொல்லும். அதே அளவுக்கு ஒத்துப்போகும் வேறு மாதிரிகளும் உண்டு. குறைந்த மின்தடைமையுள்ள ஒரு மெல்லிய படிவத்தின் தடிப்பை இரட்டித்து, மின்தடைமையையும் இரட்டித்தால் மேலே நிற்கும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். 5 மீட்டர் 10 ஓம்-மீட்டரா, 10 மீட்டர் 20 ஓம்-மீட்டரா என்பதைத் துளைப் பதிவுதான் தீர்க்கும்.

மென்பொருள் மாதிரியைத் திருத்தித் திருத்திக் கணக்கிடும் சுற்றுகளைக் கூட்டிக் கூட்டிப் பிழையை 1 விழுக்காட்டுக்கு இறக்க முயலாதீர்கள். தரவிலேயே 3 விழுக்காடு இரைச்சல் இருந்தால், அதற்குக் கீழே போகும்போது மென்பொருள் இரைச்சலுக்கும் ஒரு பாறை வரைந்து கொடுத்துவிடும். படத்தில் தனித்தனி வட்டங்கள் முளைக்கத் தொடங்குவது அதன் அடையாளம். 3, 4-ஆம் சுற்றுக்குப் பிறகு பிழை அதிகம் மாறவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொன்று: மண்ணும் பாறையும் சட்டென்று மாறும் இடத்தில் மென்மையாக்கும் முறையைவிட வலுவான முறை எனப்படும் தெரிவு எல்லையைக் கூர்மையாகக் காட்டும். இரண்டிலும் ஓட்டி இரு படங்களையும் அறிக்கையில் வையுங்கள். இரண்டிலும் நிற்கும் அமைப்பை மட்டும் பேசுங்கள். ஒரு சிறு செய்தி, பினாங்குக்காரர்கள் பெருமையோடு தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது: உலகெங்கும் புவி இயற்பியலாளர்கள் பயன்படுத்தும் ரெஸ்2டி இன்வ் மென்பொருளை எழுதியவர் பினாங்கில் பணியாற்றிய டாக்டர் எம். எச். லோக். அவர் எழுதிய பயிற்சிக் குறிப்புகளைப் படிக்காமல் மென்பொருளைத் தொடாதீர்கள்.

கேள்வி: பாலேக் புலாவ் மலைச்சரிவில் எங்களுக்கு டுரியான் தோட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து அளந்துவிட்டு, "இங்கே துளை போடலாம்" என்று ஓரிடத்தைக் காட்டினார்கள். நம்பித் துளை போடலாமா?
தோட்டக்காரர், பாலேக் புலாவ்

பதில்: ஐயா, பினாங்குத் தீவின் அடிப்பாறை கருங்கல். கருங்கல்லுக்குள் நீர் இருக்கும் இடம் இரண்டு: மேலே சிதைந்து மணலும் களிமண்ணுமாகிப்போன பகுதி, கீழே பாறையில் விழுந்த விரிசல். சிதையாத கருங்கல் ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் காட்டும். அதன் நடுவே சில நூறு ஓம்-மீட்டரில் செங்குத்தாக இறங்கும் ஒரு தாழ்வு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். அந்தத் தாழ்வின் மேல்தான் துளை போட வேண்டும்.

பிள்ளைகளிடம் மூன்று விஷயம் கேளுங்கள். காட்டிய இடத்தில் ஒரு கோடுதான் போட்டார்களா, இணையாக 20, 30 மீட்டர் தள்ளி இரண்டாவது கோட்டிலும் அதே தாழ்வு தெரிந்ததா? விரிசல் நீண்டு ஓடும், ஒரு கோட்டில் மட்டும் தெரிவது வேறு ஏதாவதாக இருக்கலாம். கோடு ஓடையின் போக்குக்குக் குறுக்கே போடப்பட்டதா? ஓடை பெரும்பாலும் விரிசலின் வழியே ஓடும்; விரிசலோடு இணையாகக் கோடு போட்டால் அது கண்ணில் படாது. மேட்டுச்சரிவின் உயரத்தை அளந்து மென்பொருளில் கொடுத்தார்களா? கொடுக்காவிட்டால் சரிவே ஒரு பொய்யான அமைப்பை உண்டாக்கும்.

உங்கள் தோட்டம் போன்ற இடங்களில் இன்னொரு ஏமாற்று உண்டு. சிதைந்த மண்ணுக்குள் வீடளவு உருண்டைக் கற்கள் புதைந்து கிடக்கும். மேலிருந்து பார்த்தால் அதுவே அடிப்பாறை போலத் தெரியும். துளைக்காரர் 6 மீட்டரில் கல் தட்டிவிட்டது என்று நிறுத்தச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். கல்லைத் தாண்டி மறுபடி மண் வருகிறதா என்று இரண்டு மூன்று மீட்டர் பார்க்கலாம்.

பிள்ளைகளின் படம் துளை தோற்கும் வாய்ப்பைக் குறைக்கும். எவ்வளவு நீர் கிடைக்கும் என்பதை அது சொல்லாது. அதைத் துளை போட்ட பிறகு இறைத்துப் பார்த்துத்தான் அறிய முடியும். பம்பை ஒரு மணி நேரம் ஓட்டி நீர் தெளிந்துவிட்டது என்று கிளம்பிவிடும் வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒரே அளவில் பல மணி நேரம் இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது, நிறுத்திய பின் எவ்வளவு நேரத்தில் ஏறியது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் இதைச் செய்தால் கிடைக்கும் எண்ணை நம்பலாம்.

கேள்வி: கோலாலம்பூரில் சுண்ணாம்புப் பாறைக்குள் நிறைய நீர் இருக்கிறது என்கிறார்கள். மாணவர்கள் ஆய்வுக்கு நல்ல இடமா?
வாசகர், பத்துமலை

பதில்: ஆய்வுக்கு அருமையான இடம். நீர் எடுப்பதற்கு மிகவும் யோசிக்க வேண்டிய இடம்.

பத்துமலையில் கண்ணெதிரே நிற்கும் அதே சுண்ணாம்புப் பாறைதான் நகரின் பெரும்பகுதிக்குக் கீழேயும் கிடக்கிறது. மழைநீர் அரித்து அதன் மேற்பரப்பு ஊசியும் பள்ளமுமாக இருக்கும், உள்ளே குகைகள். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் இடத்தைத் திட்டத்தின் தொடக்கத்தில் 60 மீட்டர் அளவில் நகர்த்த வேண்டிவந்ததும் கீழே இருந்த சுண்ணாம்புப் பாறையின் இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

படத்தில் குகை எப்படித் தெரியும் என்பது அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காற்று இருந்தால் பாறையைவிட உயர்ந்த மின்தடைமை, நீரோ சேறோ இருந்தால் தாழ்ந்த மின்தடைமை. 20 மீட்டர் ஆழத்தில் 2 மீட்டர் அகலக் குகையை 5 மீட்டர் இடைவெளி முளைகளால் காண முடியாது. நில ஊடுருவு ரேடார் அதைக் கண்டுபிடிக்குமே என்பார்கள். தார் சாலைக்குக் கீழே ஓரிரு மீட்டரில் உள்ள வெற்றிடத்துக்கு அது நல்ல கருவி. ஈரக் களிமண் வந்தவுடன் அதன் அலைகள் அடங்கிவிடும். ஆழத்துக்கு நில ஈர்ப்பு அளவீட்டையும் மின்தடைமையையும் சேர்த்துச் செய்வதே முறை.

இறைப்பதில் உள்ள அபாயம் வேறு. குகைக்கு மேல் உள்ள மண்ணைக் கீழிருந்து நீரும் தாங்கிக்கொண்டிருக்கும். இறைத்து நீர்மட்டத்தை இறக்கினால் அந்தத் தாங்கல் போய், மண் குகைக்குள் சரிந்து, மேலே நிலம் திடீரென உள்வாங்கலாம். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளை மண் கொட்டி நிரப்பிய இடங்களில் இன்னும் எச்சரிக்கை தேவை, கொட்டிய மண் இறுகாமல் கிடக்கும். எனவே இங்கே ஆய்வு செய்யும் மாணவர்கள் "இவ்விடத்தில் துளை போடலாம்" என்று எழுதாமல், நீர்மட்டம் எங்கே இருக்கிறது, பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பதை அளப்பது மேல். அறிக்கையைப் படிப்பவர்கள் அதைக் கொண்டு உண்மையிலேயே வீடு கட்டுவார்கள், துளை போடுவார்கள். அவர்கள் தலைக்கு மேல் கூரை நிற்க வேண்டும்.

கேள்வி: நில அதிர்வு விலகல் முறையில் நீர்மட்டம் தெரியுமா?
மாணவர், பிறை

பதில்: இறுகாத மணலில் தெரியும். காய்ந்த மணலில் அலையின் வேகம் வினாடிக்குச் சில நூறு மீட்டர், நீர் நிறைந்ததும் 1,500-க்கு ஏறிவிடும். தரையை அடிக்க 7 கிலோ சம்மட்டியும், அலை வந்து சேரும் நேரத்தைக் குறிக்க 24 ஜியோபோனும் (நில அதிர்வு உணரி) போதும். சிதைந்த கருங்கல்லும் அதே 1,500-ஐ ஒட்டி வரக்கூடும் என்பதால் மலையடிவாரத்தில் இதை மட்டும் நம்பாமல் மின்தடைமைக் கோட்டின் மேலேயே இதையும் போடுங்கள்.

கேள்வி: என் மகள் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். செம்பனைத் தோட்டம், ஆற்றங்கரை என்று நாள் முழுக்க வெளியே நிற்கிறாள். 400 வோல்ட் கருவி என்று வேறு சொல்கிறாள். பயமாக இருக்கிறது.
ஒரு தாய், காஜாங்

பதில்: அம்மா, உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதற்கு வழியும் இருக்கிறது. மகளிடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

அளவீடு ஓடும்போது யாரும் முளையையோ கவ்வியையோ தொடக் கூடாது. கருவியிடம் நிற்பவர் "ஓட்டுகிறேன்" என்று வாக்கி-டாக்கியில் சொல்லி, கோட்டின் இரு முனையிலிருந்தும் "சரி" என்று பதில் வந்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். கேபிள் பாதையைக் கடக்கும் இடத்தில் ஒருவர் காவல் நிற்க வேண்டும். கிராமத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள், ஆடு மாடு வரும். இரப்பர் பூட்ஸ் கட்டாயம். பாம்புக்கும் அதுவே காப்பு.

400 வோல்ட்டைவிடப் பெரிய அபாயம் இடி. இங்கே ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் மேகம் திரண்டு ஒரு மணி நேரத்துக்குள் இடி இறங்கும். திறந்தவெளியில் 200 மீட்டர் உலோகக் கேபிளை விரித்து வைத்திருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் வேலையை நிறுத்த வேண்டும். கருவியிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, கேபிளையும் முளைகளையும் விரித்தது விரித்தபடியே விட்டுவிட்டு, காருக்குள் போய்விட வேண்டும். மழையில் ஓடி ஓடிச் சுருட்டக் கூடாது. கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத் திரும்பலாம். நனைந்த புல்லில் கேபிள் இணைப்புகள் வழியே மின்னோட்டம் கசியும், அன்றைய தரவும் கெட்டுத்தான் போகும். அதனால் விடியற்காலையில் தொடங்கி மதியம் ஒரு மணிக்குள் முடிப்பதே நல்ல குழுவின் பழக்கம்.

தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக் கடிதமும், மேற்பார்வையாளர் எண்ணும், அருகில் உள்ள மருத்துவமனை எண்ணும் குழுவில் ஒவ்வொருவர் பையிலும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். உப்பு கரைத்த புட்டியில் பெரிய எழுத்தில் "உப்பு" என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வெயிலில் தாகத்தோடு வருபவர்கள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.